எச்.ஐ.வி. எந்தக் கதவு வழியாக நுழையும்? கணினி ஜோசியத்தின் கதை

தென்னேரி இருக்கும் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு ஒரு பக்கம் சென்னை, மறுபக்கம் வேலூர். இந்தியாவில் எச்.ஐ.வி.யின் வரலாறு இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே நடந்த ஒரு ரயில் பயணத்தில்தான் தொடங்குகிறது என்பது பலருக்குத் தெரியாது. 1986 பிப்ரவரியில் ஒரு தம்பதியர் ஐஸ் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு சென்னையில் ரயில் ஏறி, காட்பாடியில் இறங்கி, ஆட்டோ பிடித்து வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரிக்குப் போனார்கள். பெட்டிக்குள் இருந்தது எண்பதுக்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரம்.

அந்தப் பெண் செல்லப்பன் நிர்மலா. வயது 32. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மாணவி, இரண்டு குழந்தைகளின் தாய். ஆய்வேட்டுக்கு என்ன தலைப்பு எடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தவரிடம், எய்ட்ஸ் இந்தியாவுக்கு வந்துவிட்டதா என்று தேடிப் பாரேன் என்று சொன்னவர் அவருடைய பேராசிரியை சுனிதி சாலமன். அன்றைக்கு எய்ட்ஸ் என்றால் 'ஒழுக்கம் கெட்ட மேல்நாட்டு வியாதி' என்றுதான் இங்கே பேச்சு. நம் ஊருக்கு அது வரவே வராது, வந்தாலும் அதற்குள் அமெரிக்காக்காரன் மருந்து கண்டுபிடித்துவிடுவான் என்ற நம்பிக்கை வேறு! நிர்மலாவுக்கே தான் எதையாவது கண்டுபிடிக்கப்போகிறோம் என்ற எதிர்பார்ப்பு இருக்கவில்லை.

அவர் பால்வினை நோய்க்காக அரசு பொது மருத்துவமனைக்கு வந்த பெண்களிடமும், பிறகு மயிலாப்பூரில் பாலியல் தொழிலாளர்களை அடைத்து வைத்திருந்த விஜிலன்ஸ் ஹோமிலும் ரத்தம் எடுத்தார். கையுறை கிடையாது, பாதுகாப்புக் கருவி எதுவும் கிடையாது. எதற்காக எடுக்கிறோம் என்று அந்தப் பெண்களிடம் அவர் சொல்லவில்லை. சீரத்தை வைக்க வேறு இடமில்லாததால் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். இன்று எந்த ஆய்வு நெறிமுறைக் குழுவும் இதில் எதையும் அனுமதிக்காது. ஆனால் 1986-ல் சென்னையில் அந்தச் சோதனை செய்ய ஒரு எலைசா வசதிகூட இல்லை. அதனால்தான் வேலூர்ப் பயணம். அங்கே ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் காலையில் சோதனை தொடங்கியது. மதியம் கரண்ட் போயிற்று. எல்லோரும் டீ குடிக்கப் போய்த் திரும்பி வந்து மூடியைத் திறந்தபோது ஆறு குழிகளில் திரவம் மஞ்சளாக மாறியிருந்தது.

அமெரிக்காவில் செய்த மறுசோதனையிலும் அது உறுதியானது. மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே தமிழகச் சட்டமன்றத்தில் அறிவித்தார். சோதனையே தப்பு என்றவர்கள் உண்டு. மராட்டியக் குடும்பத்தில் பிறந்த சுனிதி சாலமனைப் பார்த்து, வடநாட்டுக்காரி வந்து நம்மை அசுத்தம் என்கிறாளா என்று கேட்டவர்களும் உண்டு. (அவர் பிறந்து வளர்ந்ததே சென்னையில்தான் என்பது வேறு விஷயம்.)

வைரஸ் வந்துவிட்டது என்பது தெரிந்தது. ஆனால் அது மனித செல்லுக்குள் எப்படி நுழைகிறது? அதை முன்கூட்டியே கணிக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு விடை தேடிய கதையில் இன்னொரு சென்னை ஆராய்ச்சியும் வருகிறது. அதற்கு முன்னால் வீட்டு அமைப்பைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

நம் கிராமத்து ஓட்டு வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் திண்ணை. திண்ணையில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். அதற்காக வீட்டுக்குள் வந்துவிட்டதாக ஆகாது. உள்ளே போக வாசற்கதவு ஒன்று, பின்பக்கம் கொல்லைக்கதவு ஒன்று.

எச்.ஐ.வி. தாக்குவது நம் நோய் எதிர்ப்புப் படையின் முக்கியமான வெள்ளை அணுக்களை. அந்த அணுவின் மேல் இருக்கும் சிடி4 என்ற புரதம்தான் திண்ணை. வைரஸ் வந்து ஒட்டுவது அங்கேதான் என்று 1984-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் 1986-ல், அதாவது நிர்மலா ரத்தம் சேகரித்துக்கொண்டிருந்த அதே வருடத்தில், அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு விநோதத்தைப் பார்த்தார்கள். எலியின் செல்லில் மனித சிடி4-ஐப் பொருத்திப் பார்த்தார்கள். வைரஸ் வந்து ஒட்டியது. ஆனால் உள்ளே போகவில்லை! திண்ணை இருக்கிறது, கதவு இல்லை. மனித செல்லில் வேறு ஏதோ ஒன்று இருக்கிறது, அது எலியிடம் இல்லை என்று புரிந்தது. அந்த 'வேறு ஏதோ ஒன்று' என்ன என்று தெரிய பத்து வருடம் ஆயிற்று.

1996 மே மாதம் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் எட்வர்ட் பெர்கரின் குழு ஒரு கதவைக் கண்டுபிடித்தது. அடுத்த மாதமே ஐந்து குழுக்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இன்னொரு கதவைக் கண்டுபிடித்தன. முதலில் கண்டது சிஎக்ஸ்சிஆர்4, இரண்டாவது சிசிஆர்5. ஆனால் வைரஸ் பயன்படுத்தும் வரிசை இதற்கு நேர் எதிர். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும்போது வைரஸ் பெரும்பாலும் சிசிஆர்5 வழியாகத்தான் நுழைகிறது. அதுதான் வாசற்கதவு. நோய் முற்றும்போது சிலருடைய உடம்பில் வைரஸ் கொல்லைக்கதவான சிஎக்ஸ்சிஆர்4-க்கும் பழகிவிடுகிறது. அப்படி ஆனவர்களுக்கு வெள்ளை அணுக்கள் வேகமாகக் குறைகின்றன. ஆகவே எந்தக் கதவு என்பது வெறும் அறிவியல் ஆர்வத்துக்கான கேள்வி இல்லை.

வாசற்கதவே இல்லாமல் பிறந்தவர்களும் இருக்கிறார்கள். சிசிஆர்5 மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்டுப்போன பிரதிகளைத் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பெற்றவர்கள் ஐரோப்பியர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில் உண்டு. இவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றுவது மிக மிக அபூர்வம். இந்தியர்களிடம் இந்தக் கொடுப்பினை ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம்.

இனி வைரஸ் பக்கம் போவோம். வைரஸின் மேலுறையில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் புரதத்தின் பெயர் ஜிபி120. அது திண்ணையில் உட்கார்ந்தவுடன் தன் உருவத்தை மாற்றிக்கொள்கிறது. மறைந்திருந்த வி3 என்ற வளையம் விரல் போல வெளியே நீள்கிறது. அந்த விரல்தான் கதவின் தாழ்ப்பாளைத் தொடுகிறது. தாழ்ப்பாள் திறந்ததும் ஜிபி41 என்ற இன்னொரு புரதம் செல்லின் சவ்வில் குத்தி, மடங்கி, வைரஸையும் செல்லையும் ஒன்றோடொன்று இழுத்து ஒட்டவைத்துவிடுகிறது. வேலை முடிந்தது.

வி3 விரலில் சுமார் 35 அமினோ அமிலங்கள். 35 எழுத்தில் ஒரு வாக்கியம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு இடத்திலும் 20 எழுத்துகளில் ஏதாவது ஒன்று வரலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் சாத்தியமான வாக்கியங்களின் எண்ணிக்கை 46 இலக்கம் கொண்ட ஒரு எண்! எச்.ஐ.வி. நகலெடுக்கும்போது நிறைய எழுத்துப்பிழை விடும் வைரஸ் என்பதால் ஒரே நோயாளியின் உடம்பிலேயே பல வாக்கியங்கள் உலவிக்கொண்டிருக்கும். இந்த வாக்கியத்தைப் படித்து, இவன் வாசல் வழி வருவானா கொல்லை வழி வருவானா என்று சொல்ல முடியுமா? கணினி ஜோசியம் என்பது இதுதான்.

முதல் ஜோசியம் கணினி இல்லாமலேயே வந்தது என்பது சுவாரசியமான விஷயம். 1992-ல் நெதர்லாந்தில் ரான் ஃபௌச்சியர் முதலானோர் ஒன்றைக் கவனித்தார்கள். சில வைரஸ்கள் சோதனைக் குழாயில் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பெரிய கட்டியாக்கின, சில அப்படிச் செய்யவில்லை. கட்டியாக்கும் வைரஸ்களின் வி3 வாக்கியத்தில் 11-வது இடத்திலோ 25-வது இடத்திலோ நேர் மின்னூட்டம் உள்ள அமினோ அமிலம் இருந்தது. இதற்கு '11/25 விதி' என்று பெயர் வந்தது. கவனியுங்கள், வருடம் 1992. கதவுகள் கண்டுபிடிக்கப்பட்டது 1996-ல். என்ன கதவு என்று தெரிவதற்கு நான்கு வருடம் முன்னதாகவே எந்தக் கதவு என்று சொல்லும் விதி வந்துவிட்டது! கட்டியாக்கியவை எல்லாம் கொல்லைக்கதவு வைரஸ்கள் என்பது பின்னால்தான் புரிந்தது.

எழுத்தைப் படிப்பது ஒரு வழி. உருவத்தைப் பார்ப்பது இன்னொரு வழி. இங்கேதான் அந்த இரண்டாவது சென்னைக் கதை வருகிறது.

ஜி.என். ராமச்சந்திரன் 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தபோது அவருக்கு வயது 30. கிண்டி வளாகத்தில் இருந்துகொண்டு 1954-ல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்துக்கு மூன்று இழை முறுக்கு வடிவத்தை முன்வைத்தார். டி.என்.ஏ. புகழ் ஃபிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. உங்கள் மாதிரியில் அணுக்கள் ஒன்றுக்கொன்று அளவுக்கு மீறி நெருக்கமாக இருக்கின்றன என்றார்கள். வேறொருவராக இருந்தால் பதில் கட்டுரை எழுதிச் சண்டை போட்டிருப்பார். ராமச்சந்திரன் அடிப்படைக்கே போனார். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? தெரிந்த படிக அமைப்புகள் அனைத்திலிருந்தும் குறைந்தபட்ச தூரங்களைத் திரட்டினார்கள்.

புரதம் என்பது ஒரு சங்கிலி. அதன் ஒவ்வொரு கண்ணியிலும் முக்கியமாகத் திரும்பக்கூடியவை இரண்டு கோணங்கள்: ஃபை, சை. இரண்டையும் 360 பாகையும் சுற்றிப் பார்த்து, எங்கெல்லாம் அணுக்கள் முட்டிக்கொள்ளும், எங்கெல்லாம் முட்டாது என்று கணக்கிட்டால் என்ன? ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவரும் மேசையில் வைக்கும் கணக்கிடும் இயந்திரங்களைக் கொண்டு அதைச் செய்தார்கள். வந்த விடை வியப்பானது. சாத்தியமான கோணங்களில் கால்வாசிக்கும் குறைவானவையே அனுமதிக்கப்பட்டவை. மீதி முக்கால்வாசிக்கு மேல் வெற்றிடம். 1963-ல் வெளியான அந்த வரைபடம்தான் உலகம் முழுக்க 'ராமச்சந்திரன் வரைபடம்' என்று அறியப்படுகிறது. இன்றைக்கும் எந்த ஆய்வகம் எந்தப் புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தாலும், அது சரிதானா என்று பார்க்க இந்த வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்க்கிறார்கள். வெற்றிடத்தில் நிறைய புள்ளிகள் விழுந்தால் எங்கேயோ தப்பு.

எச்.ஐ.வி.யின் ஜிபி120-க்கும் இதே தேர்வுதான். 1998-ல் பீட்டர் குவாங், வேய்ன் ஹென்றிக்சன் முதலானோர் ஜிபி120 சிடி4-ஐப் பிடித்துக்கொண்டிருக்கும் படிக வடிவத்தை வெளியிட்டார்கள். பெரிய சாதனைதான். ஆனால் படிகமாக்குவதற்காக அந்தப் புரதத்தின் மேலிருந்த சர்க்கரைகளை நீக்க வேண்டியிருந்தது. தளதளவென்று ஆடும் வளையங்களையும் வெட்ட வேண்டியிருந்தது. வெட்டப்பட்டதில் ஒன்று வி3. கதவைத் திறக்கும் விரல் இல்லாத கையின் படம்தான் அன்று கிடைத்தது! விரலோடு கூடிய படம் 2005-ல்தான் வந்தது. உடம்பிலிருந்து சுமார் 30 ஆங்ஸ்ட்ராம் தூரம் நீட்டிக்கொண்டு, கொக்கி மாதிரி அது இருந்தது. ஜிபி120, சிடி4, சிசிஆர்5 மூன்றும் சேர்ந்த படம் கிடைக்க 2018-ன் கடைசி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

உருவம் கிடைக்கத் தாமதமானதால் இடைப்பட்ட காலத்தில் எழுத்தைப் படிக்கும் ஜோசியம்தான் வளர்ந்தது. 2001-ல் அமெரிக்காவில் ரெஷ், ஹாஃப்மன், ஸ்வான்ஸ்ட்ராம் ஆகியோர் செயற்கை நரம்பு வலைப்பின்னலுக்கு வி3 வாக்கியங்களைக் கற்றுக்கொடுத்தார்கள். 2003-ல் ஜென்சன் குழுவினர் மதிப்பெண் அட்டவணை முறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கதவு ஏற்கெனவே தெரிந்த வைரஸ்களின் வாக்கியங்களை இரண்டு குவியலாகப் பிரித்து, ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு எழுத்து எந்தக் குவியலில் அதிகம் வருகிறது என்று எண்ணி மதிப்பெண் கொடுப்பது. புது வாக்கியம் வந்தால் 35 மதிப்பெண்களையும் கூட்டிப் பார்ப்பது.

இது நமக்குப் பழக்கமான வித்தைதான். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒருவர் போனில் பேசிக்கொண்டு வருகிறார். 'ஏலே' என்றால் நெல்லைப் பக்கம். 'ஏனுங்க' என்றால் கோவைப் பக்கம். 11/25 விதி என்பது இப்படி ஒரே ஒரு வார்த்தையை வைத்து ஊரைச் சொல்வது. ஆனால் நெல்லைக்காரர் எல்லோரும் எப்போதும் 'ஏலே' போடுவதில்லையே! அந்த விதியும் அப்படித்தான் கொல்லைக்கதவு வைரஸ்கள் பலவற்றைக் கோட்டைவிட்டது. அட்டவணை முறை முழுப் பேச்சையும் கேட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மதிப்பெண் போட்டு முடிவுக்கு வருவது.

இதெல்லாம் கட்டுரைகளோடு நின்றிருக்கும். 2007 ஆகஸ்டில் மாராவிராக் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததும் நிலைமை மாறியது. மாராவிராக் செய்வது ஒன்றே ஒன்று. சிசிஆர்5 கதவை அடைப்பது. வைரஸ் வாசல் வழியாக மட்டும் வந்தால் மருந்து வேலை செய்யும். கொல்லை வழியாகவும் வரத் தெரிந்த வைரஸ் என்றால் பயனில்லை. எனவே மருந்து கொடுக்கும் முன் கதவு எது என்று தெரிந்தே ஆகவேண்டும். அதற்கான ஆய்வகச் சோதனையை அமெரிக்காவில் ஒரு நிறுவனம் செய்தது. ரத்தத்தை அங்கே அனுப்ப வேண்டும், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், செலவும் அதிகம்.

அதே 2007-ல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் கணினியியல் நிறுவனத்தில் தாமஸ் லெங்காவர் குழுவினர் தங்கள் 'ஜீனோ2ஃபீனோ' கணிப்பு முறையைப் பற்றி எழுதினார்கள். வி3 வரிசையை இணையதளத்தில் ஒட்டினால் போதும், உடனே விடை. இந்த விடையில் பாராட்டத்தக்க நேர்மை ஒன்று உண்டு. 'கொல்லைக்கதவு' என்று மொட்டையாகச் சொல்லாது. இதைக் கொல்லைக்கதவு என்று முடிவு செய்தால் தவறாகப் போகும் வாய்ப்பு இத்தனை சதவீதம் என்று சொல்லும். எங்கே கோடு போடுவது என்பது மருத்துவர் கையில். கோட்டை ஒரு பக்கம் நகர்த்தினால் பயன்படாத மருந்தைச் சிலருக்குக் கொடுத்துவிடுவோம். இன்னொரு பக்கம் நகர்த்தினால் பயன்பட்டிருக்கக்கூடிய மருந்தைச் சிலருக்கு மறுத்துவிடுவோம். 2011-ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் பொதுவாக 10 சதவீதத்தில் கோடு போடச் சொன்னது. அது கணினி எடுத்த முடிவு இல்லை. மனிதர்கள் கூடிப் பேசி எடுத்த முடிவு.

சரி, ஜோசியம் பலித்ததா? மாராவிராக் பரிசோதனைகளில் சேமித்து வைத்திருந்த ரத்தத்தை எடுத்து, கணினி கணிப்பையும் ஆய்வகச் சோதனையையும் ஒப்பிட்டார்கள். யாருக்கு மருந்து பலன் தரும் என்று சொல்வதில் கணினி ஆய்வகத்துக்கு ஏறக்குறைய சமமாகவே நின்றது. ஆனாலும் ஓட்டைகள் உண்டு. வி3-க்கு வெளியே உள்ள பகுதிகளும் கதவுத் தேர்வைப் பாதிக்கின்றன. ரத்தத்தில் சிறுபான்மையாக ஒளிந்திருக்கும் வைரஸ் சாதாரண வரிசைப்படுத்தலில் கண்ணுக்குப் படாது.

அதையெல்லாம் விடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. நமக்கு முக்கியமானதும் அதுதான்.

யாழ்ப்பாணத் தமிழை முதன்முதலாகக் கேட்கும் சென்னைக்காரர்கள் பலர் 'மலையாளமா?' என்று கேட்பார்கள். பேசுபவர் மேல் தப்பில்லை. கேட்பவரின் காது பழகிய தமிழ் வேறு. கணினிக்கும் அதே சிக்கல்தான். எச்.ஐ.வி.யில் பல உட்பிரிவுகள் இருக்கின்றன. அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் அதிகம் இருப்பது பி வகை. ஆரம்ப காலக் கணிப்பு முறைகள் பெரும்பாலும் இந்த பி வகையின் வாக்கியங்களைப் படித்துத்தான் பாடம் கற்றன. உலகில் எச்.ஐ.வி. உள்ளவர்களில் பாதிப்பேர் அளவுக்கு இருப்பதோ சி வகை. தென் ஆப்பிரிக்கப் பகுதியிலும் எத்தியோப்பியாவிலும் இந்தியாவிலும் அதுதான் கோலோச்சுகிறது. இந்தியாவில் மிகப் பெரும்பான்மையான தொற்று சி வகைதான். வி3 விரலின் நுனியிலேயே பி-க்கும் சி-க்கும் எழுத்து வேறுபாடு. பி வகையில் வழக்கமாக ஆர்ஜினின் வரும் இடத்தில் சி வகையில் குளுட்டமின் வரும். இன்னொரு வேறுபாடும் உண்டு. பி வகையில் நோய் முற்றும்போது ஏறக்குறைய பாதிப்பேரிடம் வைரஸ் கொல்லைக்கதவுக்கு மாறுகிறது. சி வகையில் அது குறைவு. இந்தியாவில் பெரும்பாலும் கடைசிவரை வாசற்கதவுதான்.

ஆக, பி வகைக்குத் தைத்த சட்டையை சி வகைக்குப் போட்டுப் பார்ப்பது சரிவருமா? ஜென்சன் குழுவினரே இதை உணர்ந்து 2006-ல் சி வகைக்கென்று தனி அட்டவணை ஒன்றை உருவாக்கி வெளியிட்டார்கள். 2013-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சி வகைக்கென்றே இன்னொரு முறையைக் கொண்டுவந்தார்கள். ஆனால் பி வகைக்கு 11/25 விதி வந்தது 1992-ல். உலகின் பாதிப்பேருக்கு உள்ள வகைக்கு அதன் சொந்த அட்டவணை வர மேலும் 14 வருடம் பிடித்திருக்கிறது. கணினிக்கு யார் மேலும் வஞ்சம் கிடையாது. அதற்குக் கொடுத்த பாடப்புத்தகத்தில் நம் பக்கங்கள் இல்லை, அவ்வளவுதான்.

அந்தப் பக்கங்களைச் சேர்ப்பதில் இந்திய ஆய்வகங்கள் சும்மா இருக்கவில்லை. புனேயில் தேசிய எய்ட்ஸ் ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து இந்திய சி வகை வைரஸ்களின் முழு மரபணுத் தொகுதியைப் படித்து 1999-ல் வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரைக்காக எழுதப்பட்ட 'சிம்பிளாட்' என்ற மென்பொருளை இன்றும் உலகம் முழுவதும் வைரஸ் ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். கொரோனா காலத்திலும் அது கைகொடுத்தது. பெங்களூரு ஜவஹர்லால் நேரு மையத்தில் உதய்குமார் ரங்காவின் ஆய்வகம் பல வருடங்களாக இந்திய சி வகைக்கே தன் உழைப்பைக் கொடுத்து வந்திருக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு, தமிழ்நாட்டில் ஒரு நோயாளிக்கு இந்தக் கணிப்பால் என்ன லாபம் என்று கேட்டால், நேரடியாகப் பார்த்தால் லாபம் குறைவுதான். மாராவிராக் அரசு மருத்துவமனைகளில் வழக்கமாகக் கொடுக்கும் மருந்து இல்லை. 2004 ஏப்ரல் 1-ல் தாம்பரம் போன்ற சில அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் தொடங்கியது. அதற்கு மூன்று வருடம் முன்பு சிப்லா நிறுவனம் ஒரு வருட மருந்தை 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. அதுவரை மேல்நாட்டு நிறுவனங்களின் விலை 10,000 டாலருக்கு மேல். இந்தியர்களின் உயிரைக் காத்ததில் கணினிக் கணிப்பைவிட இந்த விலைக்குறைப்புக்குத்தான் பங்கு அதிகம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இந்த மாத்திரைகள் வைரஸ் எந்தக் கதவு வழியாக வந்தது என்று கேட்பதில்லை. வீட்டுக்குள் வந்தபிறகு அதைச் செயல்பட விடாமல் தடுப்பதுதான் அவற்றின் வேலை. 2023 மதிப்பீட்டின்படி இந்தியாவில் எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்கள் 25 லட்சத்துக்கும் மேல். தினமும் மாத்திரை சாப்பிட்டால் முழு ஆயுள் வாழலாம் என்ற நிலை வந்துவிட்டது.

ஆனால் மாத்திரை நோயைக் கட்டிப்போடுகிறதே தவிர அடியோடு விரட்டுவதில்லை. விரட்டியதாகச் சொல்லப்படும் சில பேரின் கதை மீண்டும் கதவுக்கே வருகிறது. பெர்லினில் சிகிச்சை பெற்ற டிமோதி ரே பிரவுனுக்கு ரத்தப் புற்றுநோய். வாசற்கதவு இல்லாமல் பிறந்த ஒருவரின் எலும்பு மஜ்ஜைச் செல்களை 2007-ல் அவருக்குச் செலுத்தினார்கள். புற்றுநோய் திரும்பி 2020-ல் அவர் இறக்கும்வரை எச்.ஐ.வி. திரும்பவே இல்லை. ஜெர்மனியிலேயே எஸ்ஸன் நகரில் இன்னொரு நோயாளிக்கும் இதே சிகிச்சையைச் செய்தார்கள். மாத்திரையை நிறுத்தியிருந்த நிலையில் வைரஸ் திரும்பி வந்துவிட்டது. வாசற்கதவு அடைபட்டிருந்ததால் கொல்லை வழியாக! 2014-ல் இது வெளியானபோது, சிகிச்சைக்கு முன்னால் வி3-ஐப் படித்துப் பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பது எல்லோருக்கும் உறைத்தது.

இப்போது சிசிஆர்5 மரபணுவையே திருத்தும் முயற்சிகளும், மேலுறைப் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி ஊசிகளும் பரிசோதனையில் இருக்கின்றன. 2020-ல் ஆல்ஃபாஃபோல்டு வந்தபிறகு, எழுத்து வரிசையைக் கொடுத்தால் புரதத்தின் வடிவத்தைக் கணினியே சொல்லிவிடுகிறது. அதை உருவாக்கியவர்களுக்கு 2024-ல் நோபல் பரிசில் பங்கும் கிடைத்தது. ஆல்ஃபாஃபோல்டு கணிக்கும் கோணங்களும் 1963-ல் கிண்டியில் வரைந்த அதே ஃபை, சை கோணங்கள்தான். (ராமச்சந்திரனுக்கு நோபல் கிடைக்கவில்லை. 2001-ல் காலமானார்.) ஆனால் நிமிடத்துக்கு நிமிடம் உருமாறும், சர்க்கரைப் போர்வை போர்த்திய, ஆளுக்கு ஆள் வேறுபடும் ஒரு முள், இந்த நோயாளியின் உடம்பில் எந்தக் கதவைத் தொடும் என்று கேட்டால் இன்னமும் வாக்கியக் குவியல்களைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

அந்தக் குவியல்களில் மிகப் பெரியது அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் இருக்கும் எச்.ஐ.வி. வரிசைத் தரவுத்தளம். ஒவ்வொரு வரிசைக்கும் அங்கே வகை, நாடு, வருடம் எல்லாம் குறிக்கப்பட்டிருக்கும். உலகெங்கும் சி வகைக்கு ஒப்பீட்டு மாதிரியாகப் பயன்படுத்தப்படும் வரிசைகளில் ஒன்று இந்தியாவுடையது. மேலே சொன்ன புனே ஆய்வில் படித்தது அது. அதன் பெயர் 95ஐஎன்21068. முதல் இரண்டு இலக்கம் ரத்தம் எடுத்த வருடம், நடுவில் நாட்டின் குறியீடு, மீதி ஓர் எண். ரத்தம் கொடுத்தவர் யார் என்று அதில் இல்லை. மயிலாப்பூர் ஹோமில் இருந்த ஆறு பெண்களின் பெயரும் எந்தக் கட்டுரையிலும் இல்லை. நிர்மலா 1987 மார்ச்சில் 'தமிழ்நாட்டில் எய்ட்ஸ் கண்காணிப்பு' என்ற ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு, கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலைக்குச் சேர்ந்து, 2010-ல் ஓய்வு பெற்றார். சுனிதி சாலமன் 1993-ல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற சிகிச்சை, ஆய்வு மையத்தைச் சென்னையில் தொடங்கி, 2015 ஜூலையில் காலமாகும்வரை நடத்தினார்.